கவுன்சில் பெயரில் போகும் பணம்

இங்கிலாந்தில் மாதச் சம்பளக்காரரின் வருமான வரி, சம்பளம் கைக்கு வருமுன்பே பிடிக்கப்பட்டுவிடும். மதிப்புக் கூட்டு வரி கடைவிலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த பணத்திலிருந்து மாதாமாதம் தனியே, கண்ணுக்குத் தெரியும்படி எடுக்கப்படும் பெரிய வரி ஒன்றுதான். அது உள்ளூர் கவுன்சிலுக்குக் கட்டும் கவுன்சில் டாக்ஸ்.

வங்கி ஸ்டேட்மென்டில் அதற்கு ஒரு பெயரும் ஓர் எண்ணும் ஒரு தொகையும் மட்டுமே இருக்கும். அந்தத் தொகை எப்படி வந்தது, அதில் யார் யாருக்கு எவ்வளவு போகிறது, கட்டவேண்டியவர் நாம்தானா, குறைத்துக் கட்ட வழி உண்டா என்பவற்றில் ஒன்றையும் அந்தப் பதிவு சொல்லாது. டைரக்ட் டெபிட் என்னும் தானியங்கி ஏற்பாடு வந்தபிறகு பெரும்பாலான வீடுகளில் அந்தப் பதிவை யாரும் நின்று பார்ப்பதும் இல்லை. பார்க்காமல் விடுவதன் விலையை முதலில் கொடுப்பவர்கள் வாடகைக்குக் குடியிருப்போர், புதிதாக நாட்டுக்கு வந்தோர், தனியாக வாழும் முதியோர். பதிவைப் பில்லோடும், பில்லைக் கவுன்சிலின் கணக்கோடும் சேர்த்து வாசிக்கும் பழக்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டும் என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது.

பதிவில் இருப்பது

முதல் குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. லண்டனில் வாழ்பவர் தாம் இருக்கும் இடத்தைப் பேட்டையின் பெயரால் சொல்வார். பணத்தை எடுப்பது பரோ என்னும் உள்ளாட்சி அமைப்பு. ஈஸ்ட் ஹாமில் குடியிருப்பவரின் ஸ்டேட்மென்டில் நியூஹாம் என்றும், இல்ஃபோர்டுக்காரருக்கு ரெட்பிரிட்ஜ் என்றும், வெம்ப்ளிக்காரருக்குப் பிரென்ட் என்றும், சவுத்ஹாலில் இருப்பவருக்கு ஈலிங் என்றும், தோர்ன்டன் ஹீத்தில் இருப்பவருக்குக் க்ராய்டன் என்றும் வரும். தமிழர் பலர் வாழும் இடங்களே இவை. 1965 ஏப்ரல் 1 அன்று உருவான 32 பரோக்களின் எல்லைகள் பேட்டைகளின் பெயரோடு பொருந்துவதில்லை. புதிதாகக் குடிவந்தவர் முன்பின் கேட்டிராத ஒரு பெயரில் இருநூறு பவுண்டு போயிருப்பதைக் கண்டு, ஏதோ மோசடி என்று பதறுவதற்கு இதுவே காரணம்.

பெயர் முழுதாகவும் வராது. டைரக்ட் டெபிட்டை நடத்தும் பேக்ஸ் என்ற கட்டண அமைப்பில் பெயருக்கு 18 எழுத்துக்கே இடம். ஆகவே 'லண்டன் பரோ' என்பது இரண்டு எழுத்தாகச் சுருங்கும். கவுன்சில் டாக்ஸ் என்பதும் பாதி வெட்டுப்படும். பக்கத்தில் இருக்கும் நீண்ட எண்தான் முக்கியம். அது பெரும்பாலும் பில்லின் மேல் பகுதியில் அச்சிட்டிருக்கும் கவுன்சில் டாக்ஸ் கணக்கு எண். இரண்டும் ஒன்றானால், பணம் எந்த வீட்டுக்காகப் போகிறது என்பது உறுதி. வீடு மாறிய பிறகும் பழைய எண்ணில் பணம் போய்க்கொண்டிருந்தால், குடிபெயர்ந்த தேதியைப் பழைய கவுன்சிலுக்குத் தெரிவிக்கவில்லை என்று பொருள். இந்த வரி நாள்கணக்கில் விதிக்கப்படுவது. தேதியைச் சொன்னால் கணக்கை முடித்து, கூடுதலாகக் கட்டியதைத் திருப்பித் தருவார்கள்.

அடுத்தது மாதங்களின் கணக்கு. வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. சட்டம் வகுத்த வழக்கமான தவணைகளோ பத்து. ஏப்ரல் முதல் ஜனவரி வரை. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பதிவு இல்லாததைக் கண்டு வரி நின்றுவிட்டது என்று நினைக்கக் கூடாது. மாதச் சுமை குறைய வேண்டுமென்றால் பன்னிரண்டு தவணையாகக் கேட்டுப் பெறும் உரிமை 2013 முதல் இருக்கிறது.

முதல் தவணை மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் இருப்பதும் பலரைக் குழப்பும். ஓர் ஆண்டு வரி 2,026.67 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். பத்தால் வகுத்தால் 202.667. தவணைகளை முழுப் பவுண்டாக்குவது நடைமுறை என்பதால் மே முதல் ஜனவரி வரை ஒன்பது தவணைக்கு 203 பவுண்டு. ஒன்பதும் சேர்ந்து 1,827. எஞ்சிய 199.67 ஏப்ரலில் முதல் தவணையாகப் போகும். ஏப்ரல் தொகை மேயில் மாறியதற்குக் காரணம் இந்தச் சில்லறைக் கணக்கே. ஆண்டின் நடுவில் தொகை மாறினால்தான் கேள்வி எழ வேண்டும். அதற்கு முன்னதாகப் புதிய பில் வந்திருக்க வேண்டும்.

1991இல் நின்றுபோன விலை

தொகையைத் தீர்மானிப்பவை இரண்டு: வீட்டின் பேண்ட், கவுன்சில் அந்த ஆண்டுக்கு வைக்கும் விகிதம். பேண்ட் ஏ முதல் எச் வரை எட்டு. வீடு 1991 ஏப்ரல் 1 அன்று சந்தையில் என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதே அளவுகோல். நாற்பதாயிரம் பவுண்டு வரை ஏ. 68,000க்கு மேல் 88,000 வரை டி. 3,20,000க்கு மேல் எல்லாம் எச். போன ஆண்டு கட்டி முடித்த அடுக்குமாடி வீட்டுக்கும் 1991இல் அது இருந்திருந்தால் என்ன விலை என்று கணித்துத்தான் பேண்ட் வைக்கிறார்கள்.

இந்த விசித்திரத்துக்குப் பின்னால் ஓர் அரசியல் காயம் உண்டு. மார்கரெட் தாட்சரின் அரசு, வீட்டு மதிப்பின்மேல் இருந்த பழைய வரியை நீக்கிவிட்டு ஆளுக்கு இவ்வளவு என்ற தலைவரியைக் கொண்டுவந்தது. ஸ்காட்லாந்தில் 1989இல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990இல். மாளிகையில் இருப்பவரும் மாடிப்படி அறையில் இருப்பவரும் ஒரே தொகை கட்ட வேண்டியிருந்தது. 1990 மார்ச் 31 அன்று லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் எதிர்ப்புப் பேரணி கலவரமாக வெடித்தது. அந்த நவம்பரில் தாட்சர் பதவி விலகியதற்கு இதுவும் ஒரு காரணம். அடுத்து வந்த அரசு அவசரமாகத் தயாரித்த மாற்று, 1992 சட்டத்தின் வழியே 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கவுன்சில் டாக்ஸ். லட்சக்கணக்கான வீடுகளை உள்ளே சென்று பார்க்க நேரமில்லை. மதிப்பீட்டாளர்கள் தெருவில் காரை மெல்ல ஓட்டியபடியே வீடுகளுக்குப் பேண்ட் வைத்தார்கள். 'இரண்டாவது கியர் மதிப்பீடு' என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

வேல்ஸ் 2005இல் புது மதிப்பீட்டுக்கு மாறியது. இங்கிலாந்தில் 2007க்குத் திட்டமிட்டிருந்த மறுமதிப்பீட்டை 2005இலேயே தள்ளிப்போட்டார்கள். அதன்பின் எந்த அரசும் அதைத் தொடவில்லை. பேண்ட் கூடுவோரின் கோபத்தைத் தாங்கும் துணிவு யாருக்கும் வரவில்லை.

விளைவு ஏழை வீட்டுக்குப் பாதகம். ஒரே கவுன்சிலுக்குள் எச் பேண்ட் கட்டுவது ஏ பேண்டைப்போல் மூன்று மடங்குதான், விலை வேறுபாடு முப்பது மடங்காக இருந்தாலும். கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறுபாடு இன்னும் கடுமையானது. 2024-25இல் மத்திய லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டரில் டி பேண்டுக்கு ஆயிரம் பவுண்டுக்கும் குறைவு. நாட்டிங்ஹாமில் 2,500க்கும் மேல். எச் பேண்ட் டி பேண்டின் இரு மடங்கு என்பதால், வெஸ்ட்மின்ஸ்டரின் பல கோடி பவுண்டு மாளிகைக்குப் போகும் வரி, நாட்டிங்ஹாமின் டி பேண்ட் வீட்டுக்குப் போவதைவிடக் குறைவு.

பேண்டை வைப்பது கவுன்சில் இல்லை. மத்திய அரசின் மதிப்பீட்டு அலுவலகம் அதைச் செய்கிறது. ஒரே அமைப்புள்ள பக்கத்து வீடுகளெல்லாம் ஒரு பேண்டிலும் நம் வீடு மட்டும் மேலே ஒரு பேண்டிலும் இருந்தால் முறையிடலாம். பேண்டுகள் எல்லாம் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. முறையீட்டின் முடிவில் பேண்ட் கூடவும் வாய்ப்புண்டு என்பதை மட்டும் முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும்.

வசூலிப்பவர் ஒருவர், செலவழிப்பவர் பலர்

ஸ்டேட்மென்டில் ஒரு பெயர் இருப்பதால் முழுப் பணமும் அந்தக் கவுன்சிலுக்கே என்று தோன்றும். கவுன்சில் வசூலிப்பவர் மட்டுமே. தன் பங்கை எடுத்துக்கொண்டு மற்றதைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். லண்டனில் ஒவ்வொரு பில்லிலும் லண்டன் மேயரின் நிர்வாகத்துக்கு ஒரு பங்கு இருக்கும். 2025-26இல் டி பேண்டுக்கு 490.38 பவுண்டு. அதில் பாதிக்கும் மேல் போலீசுக்கு. லண்டனுக்கு வெளியே, இரண்டடுக்கு நிர்வாகம் உள்ள இடங்களில் நிலைமை இன்னும் வேறு. சர்ரேயின் கில்ஃபோர்டில் பில் அனுப்புவதும் பணம் எடுப்பதும் கில்ஃபோர்ட் பரோ. அதன் சொந்தப் பங்கு சுமார் பத்தில் ஒன்று. முக்கால் பங்கு சர்ரே கவுன்டி கவுன்சிலுக்கும், மீதி போலீசுக்கும் போகிறது. வரி கூடிவிட்டதென்று பரோ உறுப்பினரிடம் சண்டைக்குப் போகிறவர் பெரும்பாலும் தவறான கதவைத் தட்டுகிறார்.

'குப்பை எடுக்கத்தானே இவ்வளவு பணம்' என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. குப்பை அள்ளுவது கண்ணில் படுகிறது. முதியோர் பராமரிப்பு கண்ணில் படுவதில்லை. சமூகநலப் பொறுப்புள்ள கவுன்சில்களின் சேவைச் செலவில் பாதிக்கும் மேல், முதியோர், உடற்குறையுள்ளோர், பெற்றோர் பராமரிப்பு இல்லாத குழந்தைகள் ஆகியோருக்கே போகிறது. 2016 முதல் முதியோர், உடற்குறையுள்ள பெரியவர்கள் ஆகியோரின் பராமரிப்புக்கென்றே தனி உயர்வை வரியோடு சேர்க்க அரசு அனுமதித்தது. பில்லில் அது தனி வரிசையாக இருக்கும். வாக்கெடுப்பு நடத்தாமல் இத்தகைய கவுன்சில் ஒன்று உயர்த்தக்கூடிய அளவு 2023-24 முதல் 5 சதவீதம்: பொதுச் செலவுக்கு 3, பராமரிப்புக்கு 2. இங்கிலாந்தின் சராசரி டி பேண்ட் வரி 2024-25இல் 2,171 பவுண்டாக இருந்து 2025-26இல் 2,280 ஆனது, ஏறக்குறைய அந்த 5 சதவீத உச்சத்தையே தொட்டு.

அந்த எல்லையையும் தாண்டிய கவுன்சில்கள் உண்டு. க்ராய்டன் தன் சொந்த வீடுகட்டும் நிறுவனமான பிரிக் பை பிரிக்குக்குச் சுமார் 20 கோடி பவுண்டு கடன் கொடுத்தது. வணிகக் கட்டடங்களிலும் பணம் போட்டது. எதிர்பார்த்த வருமானம் வரவில்லை. 2020 நவம்பரில், புதிய செலவுகளை நிறுத்துகிறோம் என்று அறிவிக்கும் 114ஆம் பிரிவு நோட்டீஸை அது வெளியிட நேர்ந்தது. 2023-24இல் அரசின் சிறப்பு அனுமதியோடு வரியை 14.99 சதவீதம் உயர்த்தியது. தோர்ன்டன் ஹீத்தில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் ஸ்டேட்மென்டில் அந்த ஏப்ரலில் திடீரெனக் கூடிய தொகை, சில ஆண்டுகளுக்கு முன் கவுன்சில் கூட்டத்தில் கைதூக்கி நிறைவேற்றிய முடிவுகளின் விலை. பெரிய கவுன்சிலான பர்மிங்ஹாமும் 2023 செப்டம்பரில் அதே நோட்டீஸை வெளியிட்டது.

கட்டவேண்டியவர் யார்

தமிழ்நாட்டிலிருந்து வருபவருக்கு வீட்டு வரி என்றால் அரையாண்டுக்கு ஒருமுறை வீட்டுக்காரர் கட்டுவது. வாடகைக்கு இருப்பவர் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை. இங்கிலாந்தில் வரி குடியிருப்பவரைத் துரத்துகிறது. ஒரு முழு வீட்டையோ ஃபிளாட்டையோ வாடகைக்கு எடுத்தவர்தான் கட்ட வேண்டும். தொடர்பில்லாத பலர் தனித்தனி அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கும் வீட்டில்தான் பொறுப்பு வீட்டுக்காரருக்கு வரும். 'வாடகையில் எல்லாம் சேர்த்தி' என்று வாயால் சொன்னதை நம்பி இருந்துவிட்டு, ஓராண்டு கழித்துத் தன் பெயரில் பில் வந்து திகைப்பது நம்மவரிடையே அடிக்கடி நடப்பது. ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். பில் யார் பெயரில் என்பதையும் கவுன்சிலிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குறைத்துக் கட்டும் வழிகள் பல, கேட்டால் மட்டுமே கிடைப்பவை. வீட்டில் கணக்கில் சேரும் பெரியவர் ஒருவரே என்றால் 25 சதவீதம் தள்ளுபடி. 2025-26இன் சராசரி டி பேண்ட் வரியான 2,280 பவுண்டு 1,710 ஆகும். மாதம் 228 என்பது 171 ஆகும். பதினெட்டு வயதுக்குட்பட்டோர், முழுநேர மாணவர், கடும் மனநலக் குறைபாடு உள்ளோர் கணக்கில் சேர மாட்டார்கள். கணவர் இறந்தபின் தனியாக இருக்கும் மூதாட்டியும், முதுகலை படிக்கும் மகளோடு மட்டும் வாழும் தாயும் இந்தத் தள்ளுபடிக்கு உரியவர்கள். மாணவர்கள் மட்டுமே வாழும் வீட்டுக்கு வரியே இல்லை. உடற்குறை காரணமாக வீட்டில் கூடுதல் குளியலறையோ சக்கர நாற்காலிக்கான இடமோ தேவைப்பட்டால் ஒரு பேண்ட் குறைத்துக் கணக்கிடுவார்கள்.

விசாவில் இருப்போரைப் பீடிக்கும் அச்சம் ஒன்று. 'அரசு உதவி பெறக் கூடாது' என்ற நிபந்தனை இருப்பதால், தள்ளுபடி கேட்டால் விசாவுக்கு ஆபத்து வருமோ என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். வேறுபாடு தெளிவானது. வருமானம் குறைந்தோருக்காக ஒவ்வொரு கவுன்சிலும் நடத்தும் வரிக் குறைப்புத் திட்டம் அரசு உதவியாகக் கருதப்படும். அந்த நிபந்தனை உள்ளவர் அதைக் கேட்கக் கூடாது. தனியாளுக்கான 25 சதவீதமும் மாணவர் விலக்கும் அப்படிப்பட்டவை அல்ல. வரியின் அமைப்பிலேயே உள்ள அந்த உரிமைகளைத் தயங்காமல் கேட்கலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் ஆண்டுதோறும் சில நூறு பவுண்டை விட்டுக்கொடுக்கும் குடும்பங்களை நினைத்தால் மனம் வருந்துகிறது.

கவுன்சில் டாக்ஸ் அல்லாதவை

கவுன்சிலின் பெயரில் வரும் எல்லாமே இந்த வரி ஆகாது. தோட்டக் கழிவு எடுக்கும் ஆண்டுச் சந்தா, வீட்டு வாசலில் கார் நிறுத்தும் பெர்மிட், பழைய சோஃபா அகற்றும் கட்டணம், கவுன்சில் வீட்டு வாடகை, கடை நடத்துவோரின் வணிக வரி எல்லாம் தனித்தனிப் பதிவுகளாக வரும். பார்க்கிங் அபராதம் கார்டு வழியே ஒருமுறை போகும். 14 நாளுக்குள் கட்டினால் பாதி. கவுன்சிலின் கார் நிறுத்துமிடத்தில் ஆப் வழியே கட்டினால் ஆப்பின் பெயரே பதிவாகும். லண்டனின் நெரிசல் கட்டணம் பரோவைச் சேர்ந்ததன்று. போக்குவரத்து நிர்வாகத்துக்குப் போவது. இவற்றைத் தனிநபர் கார்டில் கட்டும்போது மேல்கட்டணம் வசூலிப்பது 2018 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது.

தவறும் இடங்கள்

டைரக்ட் டெபிட்டுக்கு ஒரு பலமான காப்பு உண்டு. தொகையோ தேதியோ மாறினால் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். வழக்கமாகப் பத்து வேலைநாள். தவறாக எடுத்திருந்தால் வங்கியே உடனடியாகத் திருப்பித் தர வேண்டும். கவுன்சிலோடு வாதாடி முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உண்மையிலேயே கட்டவேண்டிய வரியை இப்படித் திரும்ப வாங்கினால் கடன் அப்படியே நிற்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

எடுக்காமல் விட்டுப்போவதுதான் பெரிய ஆபத்து. கணக்கில் பணம் இல்லாமல் ஒரு தவணை திரும்பினால் நினைவூட்டல் கடிதம் வரும். ஏழு நாள் அவகாசம். கட்டாவிட்டால் அடுத்த ஏழு நாளில் தவணை உரிமை பறிபோய், ஆண்டின் மீதி முழுவதும் ஒரே தொகையாகக் கேட்கப்படும். பிறகு மாஜிஸ்திரேட் நீதிமன்றச் சம்மன், அதன் செலவு, கடனை உறுதிசெய்யும் பொறுப்பு ஆணை. ஆணை கிடைத்தபின் கவுன்சில் சம்பளத்தில் பிடிக்கலாம், கடன் வசூலிக்கும் பெய்லிஃபை அனுப்பலாம். 2014இல் கட்டண விதியை வகுத்தபோது வைத்த தொகைகளின்படி, வழக்கு பெய்லிஃபிடம் போனதுமே 75 பவுண்டு, அவர் வீட்டுக்கு வந்தால் இன்னும் 235. ஜூனில் தவறிய 200 பவுண்டு சில மாதங்களில் எங்கே போய் நிற்கும் என்பதை இந்த எண்களே சொல்லும். வரிபாக்கிக்காகச் சிறை என்ற தண்டனையை வேல்ஸ் 2019இல் கைவிட்டது. இங்கிலாந்தில் மூன்று மாதம் வரை சிறை இன்னும் சட்டத்தில் இருக்கிறது. ஆகவே முதல் கடிதம் வந்த அன்றே கவுன்சிலை அழைத்துப் பேசித் தவணை மாற்றிக்கொள்வதுதான் அறிவு. ஆங்கிலம் தடுமாறும் பெற்றோருக்காகப் பிள்ளைகள் செய்யவேண்டிய முதல் உதவிகளில் இதுவும் ஒன்று.

பணம் எதிர்த்திசையிலும் வந்தது உண்டு. மின்சார, எரிவாயு விலை ஏறிய 2022இல் இங்கிலாந்தில் ஏ முதல் டி வரையுள்ள வீடுகளுக்குத் தலா 150 பவுண்டை அரசு கவுன்சில்கள் வழியே கொடுத்தது. டைரக்ட் டெபிட்டில் கட்டியவர்களின் கணக்குக்கு நேராகப் போட்டார்கள். கையில் கட்டியவர்கள் பெரும்பாலும் விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. டைரக்ட் டெபிட் இல்லாதவர்களில் பலர் உதவி அதிகம் தேவைப்பட்டவர்கள், அவர்களுக்கே அது தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அதே நிகழ்வைப் பயன்படுத்தி, 'உங்களுக்கு வரி திரும்ப வருகிறது, கார்டு எண் தாருங்கள்' என்று செய்தி அனுப்பும் மோசடிக்காரர்களும் கிளம்பினார்கள். பில்லில் உள்ள எண்ணுக்கு நாமே அழைத்துக் கேட்பதைத் தவிர வேறு பாதுகாப்பான வழி இல்லை.

கேட்கும் உரிமை

நம் ஸ்டேட்மென்டைக் கவுன்சில் பார்க்க முடியாது. கவுன்சிலின் செலவுக் கணக்கை நாம் பார்க்க முடியும். 500 பவுண்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவையும் யாருக்கு, எதற்கு என்று வெளியிட வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டின் வெளிப்படைத்தன்மை விதி. 2014ஆம் ஆண்டின் உள்ளாட்சித் தணிக்கைச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. ஆண்டுக்கு 30 வேலைநாள், கணக்குப் புத்தகங்களையும் ஒப்பந்தங்களையும் பில்களையும் நேரில் பார்க்கும் உரிமையை அது அளிக்கிறது. அந்த ஊரின் வாக்காளர் தணிக்கையாளரிடம் கேள்வி கேட்கலாம், ஒரு செலவுக்கு ஆட்சேபமும் எழுதலாம்.

க்ராய்டனின் கடன்கள் பெருகிக்கொண்டிருந்த ஆண்டுகளிலும் இந்த உரிமை சட்டத்தில் இருந்தது. அதைக் கையில் எடுப்போர் எந்த ஊரிலும் மிகக் குறைவு. வரி தானாகப் போகும்போது வரி கட்டுபவர் என்ற உணர்வும் சேர்ந்து போய்விடுவது இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தலைவரியின் காலத்தில் தாம் கட்டும் தொகை பலருக்கும் தெரிந்திருந்தது. அநியாயத்தை அடையாளம் கண்டு அந்த வரியை வீழ்த்த அதுவும் உதவியது.

பங்குனியில் வரும் பில்லை உறையோடு ஓரம் போடாமல் உட்கார்ந்து பார்க்க ஒரு மாலைப் பொழுது போதும். கணக்கு எண்ணும் பேண்டும் சரியா, தள்ளுபடி விட்டுப்போயிருக்கிறதா, பங்குகள் யாருக்குப் போகின்றன, போன ஆண்டைவிட எந்த வரிசை கூடியிருக்கிறது என்று பார்த்து, தவணைகளை ஏப்ரல், மே மாத ஸ்டேட்மென்டோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். கூடிய வரிசைக்குக் காரணம் புரியாவிட்டால் வார்டு உறுப்பினருக்கு ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டும். இங்கிலாந்தில் குடியிருக்கும் காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில், இந்தியக் குடியுரிமையோ இலங்கைக் குடியுரிமையோ உள்ள தமிழருக்கும் உள்ளாட்சித் தேர்தலில் வாக்கு உண்டு. வரி கட்டுகிறவர்களாக மட்டும் இருந்து பழகிய நம் குடும்பங்கள், அந்தப் பணத்தைச் செலவழிப்பவரைத் தேர்ந்தெடுப்பவர்களாகவும் இருக்க வேண்டும்.